பம்ப் ரைபிள் மக்கர் செய்தால்: ரெமிங்டன் 760, 7600 பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் மான் வேட்டைக்காரர் ஒருவர் பம்ப் ரைபிள் (முன்கட்டையைக் கையால் பின்னே இழுத்து முன்னே தள்ளித் தோட்டா ஏற்றும் ரைபிள்) வைத்திருந்தால், அது பெரும்பாலும் ரெமிங்டன் 760 அல்லது 7600 ஆகத்தான் இருக்கும். 760 வந்தது 1952-இல். 1981-இல் அதன் இடத்துக்கு 7600 வந்தது. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும்) ரைபிள் நெடுங்காலமாகவே கூடாது. அங்கே இரண்டாவது குண்டு சட்டென்று வேண்டும் என்றவர்களுக்கு பம்ப்தான் கைகொடுத்தது. வெர்மான்ட்டில் பனித்தடம் பிடித்து மான் தேடும் லாரி பெனாய்ட் குடும்பத்தார் இதையே தூக்கிக்கொண்டு அலைந்ததும் இந்த ரைபிளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

(இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் உரிமமும் பருவமும் உள்ள அமெரிக்க வேட்டைக்கு மட்டும்.)

இந்த ரைபிள்கள் மீது வரும் புகார்களில் பெரும்பாலானவை மூன்று இடங்களில் போய் முடியும்: முழுதாக இழுக்காத முன்கட்டை (குழலின் கீழே கையால் பிடிக்கும் கட்டை), சுத்தம் செய்யாத சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை), நெளிந்த மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி). புது எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் பாகம்), புது ஸ்பிரிங் என்று செலவு செய்வதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்

குழல்வாய் ஆபத்தில்லாத பக்கம் இருக்கட்டும். சேஃப்டியைப் போடுங்கள். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். அதன் பிறகு டிரிகர் கார்டின் முன்பக்கம் இருக்கும், முன்கட்டையைப் பூட்டிவைக்கும் ஆக்‌ஷன் லாக்கை அழுத்தி முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் சேம்பரில் உள்ள தோட்டா வெளியே வரும். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசினை உள்ளே விட்டுவிட்டு சேம்பரை மட்டும் காலி செய்தால், முன்கட்டையை முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறிவிடும். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். வேலை செய்யும் மேசையில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஏற்றி இறக்கிச் சோதிக்க டம்மி தோட்டா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கட்டை அசையவே இல்லை

புதிதாக வாங்கியவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். பெரும்பாலும் இது கோளாறே இல்லை. ஹேமர் (சுடும்போது அடிக்கும் சுத்தி) ஏறியிருக்கும்போது ஆக்‌ஷன் பூட்டிக்கொள்ளும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சுட்ட பிறகு தானாக விடுபடும், சுடாமல் திறக்க வேண்டுமென்றால் ஆக்‌ஷன் லாக்கை அழுத்த வேண்டும். ஏற்கெனவே முன்கட்டையைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே லாக்கை அழுத்தினால் அது இறுகிப்போய் நகராது. முன்கட்டையைச் சற்று முன்னே தள்ளி, லாக்கை அழுத்திக்கொண்டு, பிறகு இழுங்கள்.

லாக்கை அழுத்தியும் நகரவில்லை, சேம்பரில் உண்மையான தோட்டா இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டையைத் தரையில் குத்தி இழுப்பது, குழல்வாய் வழியாகக் கம்பி விட்டுத் தட்டுவது எதுவும் வேண்டாம். குழல்வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடியே துப்பாக்கி மெக்கானிக்குக்குச் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

சுட்ட பிறகு கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) வெளியே வர மறுக்கிறது

இந்த ரைபிள் தரும் உண்மையான தொல்லை இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாதாரண போல்ட் ரைபிளில் (போல்ட் என்பது சேம்பரைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டும் உருளை) கைப்பிடியைத் தூக்கும்போது ஒரு நெம்புகோல் விசை கிடைக்கும். சேம்பர் சுவரில் ஒட்டிய கேஸை அது முதலில் பிடுங்கிவிடும், பிறகு இழுத்தால் போதும். பம்ப் ரைபிளிலும் போல்ட் சுழன்றுதான் திறக்கிறது, ஆனால் அந்தப் பிடுங்கும் விசை மிகக் குறைவு. சேம்பர் வழவழப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் அந்தக் குறை தெரியவே தெரியாது. கொஞ்சம் துரு, கொஞ்சம் காய்ந்த எண்ணெய் இருந்தால் போதும், உடனே தெரிந்துவிடும்.

சேம்பர் ஏன் கெடுகிறது? போல்ட் ரைபிளில் போல்ட்டை உருவிவிட்டுப் பின்னாலிருந்து நேராகக் கம்பி விடலாம். 760-இலும் 7600-இலும் ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) பின்பக்கம் மூடியிருப்பதால் அதற்கு வழியில்லை. எல்லோரும் குழல்வாயிலிருந்தோ, கயிற்றை இழுத்தோ துடைக்கிறார்கள். குழல் பளபளக்கிறது; .30-06 வகைத் தோட்டா என்றால் அடியில் ஏறக்குறைய 12 மி.மீ. அகலமுள்ள சேம்பரை 7.62 மி.மீ. குழலுக்கான துணி தொடுவதே இல்லை. நவம்பர் மழையில் நனைந்த ரைபிள் அப்படியே உறைக்குள் போகிறது, அடுத்த நவம்பரில் கேஸ் சிக்குகிறது.

முதலில் சிறு டார்ச்சால் சேம்பரைப் பாருங்கள். பழுப்புத் திட்டு, கரும்புள்ளி, மங்கலான வளையம் தெரிகிறதா? பிறகு சிரமப்பட்டு வெளியே வந்த கேஸை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். அதன் உடலில் எப்போதும் ஒரே இடத்தில் சொரசொரப்பான புள்ளிகள் பதிந்திருந்தால், சேம்பரில் துருக்குழி விழுந்திருக்கிறது. நீளவாக்கில் கீறல்கள் மட்டும் இருந்தால் அழுக்கோ மணலோதான்.

சுத்தம் செய்யும் முறை: மேகசின் வெளியே, முன்கட்டை முழுதாகப் பின்னால். ரைபிளைத் தலைகீழாக, ஸ்கோப் கீழே வரும்படி வையுங்கள். அப்போதுதான் கரைப்பான் டிரிகர் பகுதிக்குள் ஒழுகாது. வளையும் கம்பியில் பொருத்திய, உங்கள் தோட்டா அளவுக்கான வெண்கலச் சேம்பர் பிரஷை, கேஸ் வெளியேறும் எஜெக்‌ஷன் வாய் வழியாக நுழையுங்கள். கரைப்பானில் நனைத்து, முன்னும் பின்னும் இழுக்காமல் சுழற்றித் தேயுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி தேயுங்கள். அதே பிரஷால் குழலின் பின்முனையில் போல்ட்டின் பற்கள் பூட்டும் பள்ளங்களையும் தேய்த்துவிடுங்கள். 760-இன் போல்ட்டில் சிறிய பற்கள் 14, 7600-இல் பெரிய பற்கள் 4. பழைய 760-இல் அந்தச் சின்னப் பள்ளங்களில் அழுக்கு கெட்டியாக ஏறியிருக்கும்.

கடைசியில் உலர்ந்த துணியைக் கம்பியில் சுற்றிச் சேம்பரை ஈரமே இல்லாமல் துடையுங்கள். எண்ணெய்ப் பூச்சு பருவம் முடிந்து பெட்டியில் வைக்கும்போது மட்டும். சேம்பரில் எண்ணெயோடு சுட்டால் கேஸ் சுவரைப் பிடிக்காமல் முழு அழுத்தத்தையும் போல்ட் மீது தள்ளும்.

குழி விழுந்துவிட்டதென்றால் வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். சேம்பர் ஒழுங்கற்று அகலமாகிப்போகும். மெருகேற்றலாமா, குழலையே மாற்ற வேண்டுமா என்பதை மெக்கானிக் சொல்லட்டும்.

சேம்பர் சுத்தமாகவே இருக்கிறது, இருந்தும் கேஸ் சிக்குகிறதா? அப்போது தோட்டாவைச் சந்தேகியுங்கள். பிரைமர் (கேஸின் அடியில் இருக்கும், அடிபட்டதும் பற்றும் சிறு மூடி) தட்டையாகிப் பரந்திருப்பதும், கேஸின் அடியில் எஜெக்டரின் (கேஸை எகிறச் செய்யும் குச்சி) வட்டத் தடம் பளிச்சென்று பதிந்திருப்பதும் அழுத்தம் மிகுந்ததற்கு அடையாளம். அந்தப் பெட்டியில் மிச்சம் உள்ளதைச் சுடாதீர்கள்.

சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இது தனியாகவே பொருந்தும். கேஸின் கழுத்தை மட்டும் அளவுக்கு ஒடுக்குவது இந்த ரைபிளுக்கு ஒத்துவராது. ஒவ்வொரு முறையும் முழு நீள டையில் (கேஸை அளவுக்கு ஒடுக்கும் அச்சு) அழுத்தி, கேஸின் தோளை 0.003 முதல் 0.004 அங்குலம் பின்னே தள்ளுங்கள். அப்படியும் இறுகினால் கேஸின் அடியையும் கூடுதலாக ஒடுக்கும் ஸ்மால் பேஸ் டை வாங்குங்கள். வேறொரு ரைபிளில் சுட்டுப் பொறுக்கிய கேஸ் என்றால் அந்த டை கட்டாயம் என்றே சொல்வேன்.

சிக்கிய வெற்றுக் கேஸை எடுக்க: அது வெற்றுக் கேஸ்தான், குண்டு போய்விட்டது என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும், பித்தளைக் கம்பியைக் குழல்வாய் வழியாக விட்டு மென்மையாகத் தட்டுங்கள், இன்னொரு கை முன்கட்டையைப் பின்னே இழுத்துப் பிடிக்கட்டும். கேஸின் விளிம்பு கிழிந்து எக்ஸ்ட்ராக்டர் நழுவியிருந்தாலும் இதே வழிதான்.

கேஸ் வெளியே வந்தும் எகிறவில்லை. அல்லது அடுத்த தோட்டா ஏறவில்லை

முதல் காரணம் பாதி இழுப்பு. மானைப் பார்த்த பதற்றத்தில் முன்கட்டையை முக்கால் தூரம் இழுத்துத் திருப்பித் தள்ளுவார்கள். அவ்வளவில் கேஸ் சேம்பரை விட்டு வந்திருக்கும், எகிறியிருக்காது. அல்லது எகிறியிருக்கும், ஆனால் போல்ட் அடுத்த தோட்டாவின் பின்புறத்தைத் தாண்டிப் போயிருக்காது. டம்மி தோட்டா போட்டு, கட்டையைத் தோளில் வைத்தபடியே, கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமல், ‘டக்’ என்று பின்சுவரில் முட்டும்வரை இழுத்து அதே வேகத்தில் முன்னே தள்ளிப் பழகுங்கள். ரைபிளை இறக்கி இடுப்பருகில் வைத்துப் பம்ப் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

முழு இழுப்பிலும் எகிறவில்லை என்றால் போல்ட் முகத்தைப் பாருங்கள். உள்விளிம்பில் பதிந்திருக்கும் மெல்லிய எஃகு வளையத் துண்டுதான் எக்ஸ்ட்ராக்டர். அதன் அடியில் பித்தளைத் துருவல் சேர்ந்தால் பிடி தளரும். பல்துலக்கும் பிரஷும் கரைப்பானும் போதும். உதடு உடைந்திருந்தால் மாற்ற வேண்டும், அது மெக்கானிக்கின் வேலை. அதே முகத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு குச்சிதான் எஜெக்டர். மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள், துள்ளித் திரும்ப வேண்டும். மெதுவாக எழுந்தால் உள்ளே அழுக்கு, ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டுப் பலமுறை அழுத்தி விடுங்கள்.

போல்ட் தோட்டாவின் மேலே சறுக்கிக்கொண்டு போகிறதென்றால் மேகசினைப் பாருங்கள். இழுத்துப் பார்த்தீர்களா? உள்ளே தள்ளிய மேகசின் ‘க்ளிக்’ என்று பிடிக்காமல் பாதியில் நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். கையுறை போட்ட விரலுக்கு அந்த க்ளிக் தெரியாது. செருகியதும் கீழே ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

அடுத்து மேகசினின் உதடுகள், அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்புகள். மேகசின் தகரத்தால் ஆனது. கல்லில் விழுந்தால் உதடு நெளியும். தோட்டா எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து முட்டினால் அந்தப் பக்கத்து உதடு விரிந்திருக்கிறது. நல்ல மேகசினோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும். தொழிற்சாலை மேகசின் நான்கு தோட்டா பிடிக்கும். கூடுதல் கொள்ளளவு என்று வேறு ஆள் செய்து விற்பவற்றில் நன்றாக ஓடுவதும் உண்டு, ஓடாததும் உண்டு. வேட்டைக்குத் தொழிற்சாலை மேகசினே போதும். மேகசின்களுக்கு 1, 2 என்று எண் எழுதி வையுங்கள். கோளாறு ஒரே எண்ணைத் தொடர்ந்தால் ரைபிளின் மேல் குறை இல்லை.

சொந்தத் தோட்டா என்றால் மொத்த நீளமும் பாருங்கள்: .30-06-க்கும் .270-க்கும் உச்சம் 3.340 அங்குலம், .308-க்கு 2.810. அதைத் தாண்டினால் குண்டின் நுனி மேகசினின் முன்சுவரில் உரசும்.

டிரிகரை இழுத்தால் ஒன்றுமே நடக்கவில்லை

சேஃப்டி விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? அப்படியென்றால் போல்ட் முழுதாகப் பூட்டவில்லை. கடைசிச் சில மில்லிமீட்டர் சுழலாமல் நின்றால் டிரிகர் இணைப்பு விடுபட்டே இருக்கும், சுடாது. நல்ல பாதுகாப்பு அது. அதை ஏமாற்ற முயல வேண்டாம்.

காட்டில் சத்தம் கேட்கக் கூடாது என்று முன்கட்டையைப் பூப்போல முன்னே கொண்டுபோவார்கள். அந்த மெல்லிய தள்ளலில் போல்ட் பூட்டாது. சத்தம் போடாமல் ஏற்ற வேண்டுமென்றால், மெதுவாகக் கொண்டுபோய்க் கடைசியில் உள்ளங்கையால் அழுத்தி முன்னே தள்ளி, நின்றுவிட்டதா என்று பாருங்கள். அழுத்தியும் பூட்டவில்லை என்றால் சேம்பர் அழுக்கு, பள்ளங்களில் குப்பை, தோள் நீண்ட கேஸ் இந்த மூன்றில் ஒன்று. போல்ட் ரைபிள் இறுகிய தோட்டாவை நெம்பி உள்ளே திணித்துவிடும். பம்பால் அது முடியாது.

‘டிக்’ என்ற சத்தம் மட்டும்; வெடிக்கவில்லை

குழல்வாயை இலக்கின் பக்கமே பிடித்து, குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். ஒரு நிமிடம் என்றால் இன்னும் நல்லது. பம்ப் ரைபிளில் இங்கே ஒரு தனி ஆபத்து உண்டு: ஹேமர் விழுந்ததும் ஆக்‌ஷன் பூட்டு விடுபட்டுவிடும். இடது கை பழக்கத்தில் முன்கட்டையை இழுத்தால் போல்ட் திறந்துகொள்ளும். தாமதித்து வெடிக்கும் தோட்டாவாக இருந்தால் அது திறந்த ஆக்‌ஷனுக்குள், முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். அந்த நேரம் முழுக்க முன்கட்டையை முன்னோக்கியே அழுத்திப் பிடித்திருங்கள்.

பிறகு தோட்டாவை எடுத்து பிரைமரைப் பாருங்கள். ஆழமான குழி என்றால் தோட்டாவின் குறை. லேசான குழி என்றால் ஃபயரிங் பின் போதிய வேகத்தில் அடிக்கவில்லை: குளிரில் உறைந்த கிரீஸ், அல்லது போல்ட் முழுதாகப் பூட்டாதது, அல்லது தளர்ந்த ஹேமர் ஸ்பிரிங். குழியே இல்லை என்றால் ஃபயரிங் பின் உடைந்திருக்கலாம். பழைய 760-களில் போல்ட்டுக்குள் கட்டியான பழுப்புப் பசை சேர்ந்திருப்பது சாதாரணம். போல்ட்டைப் பிரித்துக் கழுவ மெக்கானிக்கிடம் ஒரு முறை கொடுத்தால் பல வருடத்துக்குக் கவலையில்லை.

டிரிகர் பகுதியை மட்டும் நீங்களே கழற்றலாம். ரைபிள் காலி என்று மறுபடி உறுதி செய்து, ஹேமர் ஏறிய நிலையில் சேஃப்டி போட்டு, ரிசீவரின் குறுக்கே உள்ள இரண்டு பின்களை நைலான் முனையால் தட்டி எடுத்தால் அது மொத்தமாகக் கீழே வரும். கரைப்பானில் அலசி, காற்றடித்து உலர்த்தி, ஓரிரு சொட்டு மெல்லிய எண்ணெய். அவ்வளவுதான். டிரிகர் கனமாக இருக்கிறதென்று உள்ளே உள்ள சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) முனையைக் கல்லில் தேய்க்காதீர்கள். கீழே விழுந்தால் தானாகச் சுடும் ரைபிள் கிடைக்கும்.

குண்டுகள் சிதறி விழுகின்றன. போன வருடம் சரியாகத்தான் இருந்தது

ஸ்கோப் டயலைத் தொடுவதற்கு முன் திருகுகளைப் பாருங்கள். ஸ்கோப்பைக் கழற்றி, அடித்தளத் திருகுகளை எண்ணெய் நீக்கி, 20 அங்குல-பவுண்டு முறுக்குவிசையில் இறுக்குங்கள். வளையத் திருகுகளுக்கு 15 முதல் 18 போதும், ஸ்கோப் தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதுவே கணக்கு.

அடுத்தது பின்கட்டை. ஒரு கையால் ரிசீவரையும் மறுகையால் கட்டையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் தளர்ந்திருக்கிறது. ரப்பர் பேடின் இரண்டு திருகுகளைக் கழற்றி, உள்ளே ஆழத்தில் இருக்கும் நீண்ட போல்ட்டை நீளத் திருப்புளியால் இறுக்குங்கள். குளிர்கால ஹீட்டர் காற்றில் மரம் சுருங்குவதால் இது தளர்கிறது. அப்படியே சுட்டால் ரிசீவரை ஒட்டிய இடத்தில் கட்டை பிளக்கும்.

சோதனைச் சுடலில் குழலை நேரடியாக மணல் மூட்டையில் வைக்காதீர்கள். முன்கட்டையின் நுனியைத் தாங்கினாலும் குண்டு விழும் இடம் நகரலாம். ரிசீவரை ஒட்டிய இடத்தைத் தாங்குங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தை. மூன்று குண்டு சுட்டு, குழல் ஆறும்வரை காத்திருங்கள். மெல்லிய வேட்டைக் குழல் சூடானால் நான்காவது, ஐந்தாவது குண்டு தள்ளிப்போகும். மானுக்குச் சுடுவது குளிர்ந்த குழலிலிருந்து முதல் குண்டுதான், அது எங்கே விழுகிறது என்பதே முக்கியம். முதலில் 25 கஜத்தில் தாளில் விழ வையுங்கள். ஒரு க்ளிக்குக்கு 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும் டயலில் அந்தத் தூரத்துக்கு நான்கு மடங்கு க்ளிக் வேண்டும். பிறகு 100 கஜம். .30-06-இல் 180 கிரெயின் எடையுள்ள குண்டு 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே விழும்படி வைத்தால் 200 கஜத்தில் ஏறக்குறைய நேராக விழும்.

இத்தனைக்குப் பிறகும் சிதறினால் குழல்வாயின் விளிம்பைப் பாருங்கள். பாதுகாப்பு வளையம் போடாமல் வருடக்கணக்கில் கம்பி விட்டுத் துடைத்தால் அந்த விளிம்பு ஒரு பக்கம் தேயும்.

குளிரில் மட்டும் தகராறு

பருவத்துக்கு முன் கிரீஸ் முழுவதையும் கழுவி எடுத்து, ஓடும் இடங்களில் மெல்லிய எண்ணெயைப் பூசித் துடைத்துவிடுங்கள். உறைபனியில் நாள் முழுக்கத் திரிந்த ரைபிளைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பின் மேல் நீர் கோத்துக்கொள்ளும், மறுநாள் வெளியே போனதும் அது பனிக்கட்டியாகி டிரிகரைப் பிடிக்கும். காலி செய்து, உறையைத் திறந்துவைத்து, பூட்டிய குளிர்ந்த அறையில் வையுங்கள். உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால் அறைச்சூட்டுக்கு வந்ததும் துடைத்து, சேம்பரையும் துடையுங்கள். குழல்வாயில் பனி அடைக்காமல் இருக்க ஒரு துண்டு எலக்ட்ரிக் டேப் ஒட்டலாம். சுடுவதற்கு அதை எடுக்க வேண்டியதில்லை. டேப் இல்லாமல் விழுந்து எழுந்தால், காலி செய்துவிட்டுக் குழலை ஊடுருவிப் பாருங்கள். அடைத்த குழலில் சுட்டால் குழல் பிளக்கும்.

வண்டியில் ஏறும்போது பென்சில்வேனியாவில் தோட்டா உள்ள மேகசின் ரைபிளில் இருந்தாலே நிரப்பிய துப்பாக்கிதான், வண்டி நின்றிருந்தாலும் குற்றம். ஏறும் முன் கழற்றிவிடுங்கள்.

முன்கட்டை கடகடக்கிறது

கொஞ்சம் ஆடுவது இதன் இயல்பு. அதிகமானால் முன்னால் உள்ள நட்டை இறுக்குங்கள். ஆட்டத்தை நிறுத்த டேப் சுற்றுவது, ரப்பர் அடைப்பது வேண்டாம், இழுப்பு தடைபடும்.

பழையது வாங்கும்போது

நிறுவனம் 2020-இல் திவாலாகிப் பிரித்து விற்கப்பட்டது, இவை உருவான நியூயார்க் மாநிலத்து இலியான் தொழிற்சாலை 2024-இல் மூடப்பட்டது. ஆகவே உதிரிக்குப் பழைய சந்தைதான். ரைபிளோடு வரும் மேகசின் எத்தனை, உதடு நேராக உள்ளதா என்று முதலில் பாருங்கள். குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரைப் படியுங்கள், விற்பவர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள்; .308-ம் .30-06-ம் ஒரே விட்டமுள்ள குண்டைச் சுடுபவை, ஆனால் சேம்பர் வேறு. டார்ச்சை எடுத்துச் சேம்பரைப் பாருங்கள். குழலையோ போல்ட்டையோ மாற்றிய ரைபிள் என்று தெரிந்தால், ஹெட்ஸ்பேஸ் கேஜ் (பூட்டிய போல்ட்டுக்கும் சேம்பருக்கும் உள்ள இடைவெளி சரியா என்று காட்டும் கருவி) போட்டு அளக்காமல் ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள்.